ஏழாவது கோப்பை

எங்கள் ஆட்கள் சாதி கேட்க மாட்டார்கள். அவ்வளவு நாகரிகம். "எந்தத் தோட்டம்?" என்றுதான் கேட்பார்கள். தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "எந்த லயம்?"

லயம் என்பது ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் வரிசையாகக் குடியிருந்த பலகை வீடுகள். என் அப்பா வேலை செய்த தோட்டத்தில் கோயிலுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் பக்கத்தில் இருந்தது மேட்டு லயம். மாட்டுக் கொட்டகையையும் தாண்டி ஆற்றோரத்தில் இருந்தது ஆற்று லயம். மற்றத் தோட்டங்களிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். யாரை எங்கே குடிவைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அந்தத் தோட்டத்தை விற்று, மரத்தைச் சாய்த்து, லயங்களை இடித்து, வீடமைப்புத் திட்டம் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஒரு பலகைகூட மிச்சமில்லை. ஆனாலும் பினாங்கில் அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்தவனை உட்காரவைத்து இன்றைக்கும் அந்த லயத்தைக் கேட்கிறார்கள். எனக்கு இப்போது இதை எழுதும்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் மேட்டு லயம். அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். சொல்லாமல் விட்டால் நான் ஏதோ பாதிக்கப்பட்டவள் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

பதினோரு வருடத்துக்கு முன் என் கணவர் இறந்தபோது மகளுக்குப் பதினாறு வயது. இருந்த வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. வாடகைக்கு வீடு தேடினேன். தொலைபேசியில் என் குரலைக் கேட்டதுமே வீடு "இப்பதான்" போய்விட்டிருக்கும். சில விளம்பரங்களில் இந்தியர்களுக்கு இல்லை என்று முன்கூட்டியே போட்டு நம் பஸ் காசை மிச்சப்படுத்தியிருந்தார்கள். ஒரு வீட்டில் உரிமையாளர் அம்மாள் இரும்புக் கதவைத் திறக்காமலே, கறி சமைப்பீர்களா, வாடை சுவரில் ஒட்டிக்கொள்ளுமே என்று கேட்டாள். மகள் என் பக்கத்தில் பள்ளிச் சீருடையில் நின்றுகொண்டிருந்தாள். அன்று பஸ்ஸில் அவள் தன் சட்டைக் கையை மோந்து பார்த்ததை நான் பார்த்தேன்.

எங்கள் கோயில் தலைவர்தான் அப்போது கைகொடுத்தார். டத்தோ பட்டம் வாங்கியவர், லாரி கம்பெனி வைத்திருப்பவர். ஒரே ஒரு போன் போட்டார், ஆயர் ஈத்தாமில் வீடு கிடைத்தது. இன்னொரு போன் போட்டார், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜுருவில் காடிக்கு, அதாவது காருக்கு, உபரிப்பாகம் விற்கும் கம்பெனியில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டு, "நம்ம காசு வேணும், நாம வேணாமா?" என்று மேசையைத் தட்டி முழங்கினார். பேப்பரில் படத்தோடு வந்தது. நான் முதல் வரிசையில் உட்கார்ந்து உள்ளங்கை சிவக்கக் கைதட்டினேன். அந்த மனிதருக்காக உயிரைக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

எங்கள் வட்டாரத்தில் அவருடைய ஒரு போனாவது போகாத வீடு இருக்காது. ஒரு வீட்டில் பிள்ளைக்குக் காலேஜ் இடம், இன்னொரு வீட்டில் அப்பாவுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில். அதனால் கல்யாணம் பேசினாலும் அவரைக் கேட்டுவிட்டுத்தான் பேசுவார்கள். அவர் "நல்ல குடும்பம்" என்று சொன்னால் நல்ல குடும்பம். "பார்க்கலாமே" என்று இழுத்தால் அதோடு சரி. என்ன காரணம் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

மகள் படித்து ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் டெக்னீஷியனாக இருக்கும் பையனை விரும்பினாள். சுங்கை பினாங்கில் அம்மாவோடு பிளாட்டில் இருக்கிறான், அப்பா இல்லை. முதல் முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஆறு மாதமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்த என் துணி துவைக்கும் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு, உள்ளேயிருந்து ஒரு சட்டைப் பொத்தானை எடுத்து என் கையில் வைத்தான். நான் தேத்தண்ணி போட்டேன். என் கோப்பையில் மூன்று கரண்டி சீனி போட்டதைப் பார்த்துவிட்டு, "ஆண்ட்டி, மெஷின விட உங்களத்தான் மொதல்ல செக் பண்ணணும் போல" என்றான். சிரித்தேன். பையனை எனக்குப் பிடித்துவிட்டது.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதற்கு நாள் குறித்தோம். மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ம்மா, கும்பலா போவாதீங்க. நீங்களும் மாமாவும் மட்டும் போங்க, போதும்."

"சரி" என்றேன். சரி என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மாமா என்கிற என் அண்ணனின் ஸ்கூல் வேன் தொழில் தலைவர் தயவில் ஓடுகிறது.

"டத்தோ இல்லாம எப்படிலா போறது? நாளைக்கி அவரு மொகத்துல முழிக்க வேணாமா?" என்றார் அண்ணன்.

"அது சின்ன வீடுண்ணே."

"வீடு சின்னதா இருந்தா என்ன? அவரு பெருந்தன்மையா வருவாருலா."

தலைவர் வந்தால் அவர் மனைவி வருவார். அவர்கள் வந்தால் கமிட்டிச் செயலாளர் வருவார். சித்தப்பாக்கள் இருவரை விட முடியாது. அண்ணி வாசலில் நின்று எண்ணிப் பார்த்து, எட்டுப் பேர் வருகிறோம், நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படைதான் ஆகும் என்று ஒரு சித்தப்பாவைத் திருப்பி அனுப்பினாள். ஏழு பேர் இரண்டு காடியில் போனோம். மகளிடம் நான் சொல்லவில்லை.

ஒன்பதாவது மாடி. அந்தப் பழைய பிளாட்டில் லிஃப்ட் பத்தில்தான் நிற்கும், ஒரு மாடி இறங்க வேண்டும். தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கியபோது செயலாளர் முன்னால் ஓடி யாரோ காயப்போட்டிருந்த துணிகளை ஒதுக்கிப் பிடித்தார். பையனின் அம்மா கதவருகே நின்று எங்களை வரவேற்றார். என் வயதுதான் இருக்கும். பள்ளிக்கூட கேண்டினில் சமைக்கிறவர். கூடத்தில் பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கிய நாற்காலிகள், மூன்று நிறத்தில். சாமி மேடையில் புதுப் பூ. தரையில் டெட்டால் வாசம்.

அவர் இரண்டு தட்டில் கேசரியும் உளுந்து வடையும் வைத்தார். பிறகு தேத்தண்ணி வந்தது. ஓரத்தில் தங்கக் கோடு போட்ட ஆறு கோப்பைகள், புதியவை. பசாரில் ஒரு செட்டுக்கு ஆறுதான் தருவார்கள். ஏழாவது கோப்பை வேறு ஜாதி, வெள்ளையில் நீலப் பூ போட்டது. ஓரமாக உட்கார்ந்திருந்த எனக்கு அது வந்தது. "கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கொறையிது" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். குரலில் தேன் ஒழுகியது.

"பூர்வீகம் எங்கம்மா? எந்தத் தோட்டம்?"

"கெடாப் பக்கம்ங்க டத்தோ. எங்கப்பா பால்மரம் வெட்டுனாரு." தோட்டத்தின் பெயரையும் சொன்னார்.

"அடடே, தெரியுமே. பெரிய தோட்டமாச்சே. அங்க எந்த லயம்?"

அந்த அம்மாள் தலைவரை நேராகப் பார்த்தார். கேள்வி எதற்கு என்று அவருக்குத் தெரியும், பொய் சொல்லியிருந்தாலும் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. தலை குனியாமல் சொன்னார்.

"ஆத்து லயம்ங்க. மழ வந்தா வீட்டுக்குள்ளயே தண்ணி வந்துரும்."

"ஓ" என்றார் தலைவர். அவ்வளவுதான். கோப்பையின் பக்கம் போயிருந்த கை முழங்காலுக்குத் திரும்பியது.

"எடுத்துக்குங்க டத்தோ, ஆறிடப் போவுது."

"இல்லம்மா, எனக்கு இனிப்பு நீர். டாக்டர் ஸ்ட்ரிக்டா சொல்லிட்டாரு."

அவர் மனைவிக்கும் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. செயலாளருக்குப் போன வாரம்தான் கண்டுபிடித்தார்களாம். சித்தப்பா தலையை மட்டும் ஆட்டினார். அண்ணிக்குப் பரம்பரையாக இருக்கிறது. அண்ணன், மனிதர் காலையில்தான் இரண்டு பாக்கெட் குளிர்பானம் குடித்தார், அவரும் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டார். எங்கள் குடும்பத்துக்கே ஒரே நிமிடத்தில் இனிப்பு நீர் வந்துவிட்டது. வடையில் என்ன இனிப்பு இருக்கிறது என்று கேட்க அந்த வீட்டில் யாரும் மரியாதை இல்லாதவர்கள் கிடையாது.

என் முறை வந்தது. நீலப் பூ கோப்பையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. இஞ்சி போட்டிருந்தார். தலைவர் என்னைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. நான் ஆயர் ஈத்தாம் வீட்டை நினைத்தேன். ஜுரு வேலையை நினைத்தேன். அடுக்களை வாசலில் பையன் நின்றிருந்தான்.

"எனக்கும் இனிப்பு நீர்தான்" என்றேன்.

மூன்று கரண்டி சீனியைக் கண்ணால் பார்த்தவன் அவன். தன் அம்மாவின் கையிலிருந்த காலித் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

வெளியே வந்து பத்து நிமிடத்தில் ஒரு மாமாக் கடையில், தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடையில், காடியை நிறுத்தினார்கள். தலைவர் நுரை பொங்க இழுத்து ஆற்றும் தே தாரெக் கேட்டார். கெட்டியாக, இனிப்புப் பாலைக் கூடுதலாக ஊற்றி. ரொட்டி சானாய்க்குச் சீனி கேட்டார். ஒரு மடக்கு குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார்.

"பையன் நல்ல பையன்தான். நான் கொற சொல்லல. ஆனா நாளப்பின்ன கோயில்ல நாலு பேரு பேசுவாங்க. எனக்கு ஒண்ணுமில்ல, நான் அதெல்லாம் பாக்குற ஆளு இல்லன்னு ஒங்களுக்கே தெரியும். மண்டபம்தான் அந்த மாசம் முழுக்க புக் ஆயிருச்சு."

எந்த மாதம் என்று நாங்கள் இன்னும் சொல்லவே இல்லை. அதைக்கூட யாரும் கேட்கவில்லை. நான் என் தேத்தண்ணியைக் குடித்தேன், சீனி போட்ட தேத்தண்ணி. தொண்டைக்குள் நன்றாகத்தான் இறங்கியது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்னையே அறையலாம் போல இருக்கிறது.

வீட்டில் மகள் காத்திருந்தாள். பையன் போனில் சொல்லிவிட்டிருக்கிறான்.

"தேத்தண்ணி குடிச்சீங்களா?"

"டத்தோதான் மொதல்ல..."

"டத்தோவ கேக்கல. ஒங்கள கேட்டேன்."

நான் மண்டபத்தைப் பற்றிச் சொன்னேன். கோயிலைப் பற்றி, மாமாவின் வேனைப் பற்றி, என் வேலையைப் பற்றிச் சொன்னேன். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள்.

"அந்த வீட்டுக்கார அம்மா கதவத் தொறக்காம பேசுனாங்களே, அவங்க பரவால்லம்மா. அவங்க நம்ம வீட்டுக்குள்ள வந்து ஒக்காந்து அத செய்யல" என்றாள்.

ஒரு மாதத்தில் பதிவிலாகாவில் கல்யாணம் செய்துகொண்டார்கள். முதல் நாள் எனக்குச் செய்தி அனுப்பினாள். போகாதே என்றார் அண்ணன். நான் வேலைக்குப் போனேன். பெற்ற ஒரே பெண் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் பிரேக் பேட் பெட்டிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பாலத்தில் பஸ் திரும்பி வந்தபோது அழுதேன். அந்த அழுகையால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. தீபாவளி வந்தது, போனது. அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் மண்டபத்தில் மறுபடியும் கூட்டம். நகரில் ஓர் இளம் தம்பதிக்கு இந்தியர்கள் என்பதால் வீடு மறுத்துவிட்டார்களாம். பேப்பர்க்காரர்கள் வந்திருந்தார்கள். தலைவர் அதே மேசையைத் தட்டினார். "ரத்தத்த பாத்து கதவ சாத்துறான்! மனுசன மனுசனா பாக்காதவன் என்ன மனுசன்?" மண்டபம் அதிர்ந்தது. பேச்சுக்கு நடுவில் முன்னால் வைத்திருந்த ரோஸ் சிரப் பாலை எடுத்து ஒரே மூச்சில் பாதி குடித்தார். என் கைகள் மடியிலிருந்து எழவில்லை.

கேள்வி உண்டா என்று செயலாளர் கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

"டத்தோ, ஒங்க இனிப்பு நீர் இப்ப எப்படி இருக்கு?"

அவர் புரியாமல் சிரித்தார். "எனக்கா? எனக்கு ஏதும்மா இனிப்பு நீரு? ஆண்டவன் புண்ணியத்துல இந்த வயசுலயும் ஒண்ணும் கெடையாது."

சொன்ன பொய்யைக்கூட அவர் ஞாபகம் வைத்திருக்கவில்லை. அந்தப் பொய் அவருக்கு அவ்வளவு சின்ன விஷயம். என் மகளை என் வீட்டை விட்டு அனுப்பிய பொய்.

"அப்பறம் எதுக்கு சுங்கை பினாங்குல அந்தம்மா குடுத்த தேத்தண்ணிய குடிக்கல? ஆத்து லயம்னு சொன்னதுக்கு அப்பறம்தானே ஒங்களுக்கு இனிப்பு நீர் வந்துச்சு? எனக்கும் அப்பதான் வந்துச்சு. எனக்கும் இல்ல டத்தோ, அது பொய். நானும் ரத்தத்த பாத்துதான் கோப்பைய தள்ளி வச்சேன்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பேப்பர்க்காரர் ஒருவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார், அதையும் பார்த்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். "குடும்ப விஷயம், வெளிய பேசிக்கலாம்மா" என்றார் செயலாளர். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, தங்கச்சி மனம் உடைந்து பேசுகிறாள், பாவம், புருஷன் இல்லாதவள் என்று மைக்கிலேயே இரக்கப்பட்டார். மறுநாள் பேப்பரில் அவர் படம் வந்தது, என் கேள்வி வரவில்லை.

வெளியே கால் கழுவும் குழாயடியில் இரண்டு பெண்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நல்லா கேட்டீங்கக்கா" என்று காதோடு சொன்னார்கள். உள்ளே வாயைத் திறக்காதவர்கள். அவர்கள் மேல் கோபம் வந்தது, ஆனால் அந்த வாய் எனக்கும் பதினோரு வருடம் மூடித்தான் இருந்தது.

அடுத்த நாள் வேலை போய்விடும் என்று தயாராகப் போனேன். மானேஜரிடம் நானே போய், டத்தோ ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். சீனர், பாகங்களின் எண்ணைத் தவிர வேறெதுவும் மனதில் நிற்காத மனிதர். "எந்த டத்தோ?" என்று கேட்டார். பதினோரு வருடமாக நான் பயந்த போன் அது. எடுத்தவருக்கு ஞாபகமே இல்லை.

அன்று வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் மாறி சுங்கை பினாங் போனேன். பத்தாவது மாடியில் இறங்கி ஒரு மாடி கீழே நடந்தேன். பையனின் அம்மா கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொன்னார், உட்காரச் சொன்னார். மகள் வேலையிலிருந்து வர இன்னும் நேரம் ஆகும் என்றார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. 

அவர் உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். கண்ணாடி அலமாரியில் தங்கக் கோடு போட்ட ஆறு கோப்பைகளும் கவிழ்த்து வைத்தபடி இருந்தன. எனக்கு வந்தது நீலப் பூ கோப்பை.

வாயில் வைத்தேன். ஒரு துளி இனிப்பு இல்லை. இஞ்சியும் தேயிலைக் கசப்பும் நாக்கைப் பிடித்தன.

"சீனி போடல. ஒங்களுக்கு இனிப்பு நீர்னு அன்னிக்கே சொன்னீங்க" என்றார்.

"எனக்கு இனிப்பு நீர் இல்லங்க."

"தெரியும். குடிங்க."

குடித்தேன். ஆற விடாமல், கோப்பையைக் கீழே வைக்காமல் குடித்தேன். அடியில் தூள் தெரிந்தபோது கதவு திறந்தது. மகள் மருந்தகச் சீருடையில் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக வந்து என் கையிலிருந்த கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் போனாள்.

நான் எழுந்தேன். கோப்பையைக் கழுவப் போனேன். அந்த அம்மாள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"வச்சிடுங்க, நான் கழுவிக்கிறேன்" என்றார். "இன்னொரு நாள் வாங்க. அப்ப சீனி போடுறேன்."